ஹைட்டியை அறியத் தொடங்குகிறவர்களுக்கு: இரும்புத் தகடு முதல் பரங்கிக்காய் சூப் வரை

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு இரும்புக் கடற்கன்னி இருக்கிறாள். ஒரு கையில் ஊதுகொம்பு. வால் முழுக்க உளியால் கொத்திய செதில்கள். தோழி ஒருத்தி பரிசாகக் கொடுத்தபோது அதை அழகுப் பொருளாகத்தான் மாட்டினேன். ஒருநாள் தூசி தட்டக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் வரிவரியாக ஒரு மேடு. எண்ணெய்ப் பீப்பாயின் வளையம் அது. பழைய பீப்பாயைப் பிளந்து, தட்டி, வெட்டிச் செய்த உருவம்! இதைச் செய்தவர் யார், இந்தப் பெண் யார், கையில் கொம்பு எதற்கு என்று தேடப் போய், கரீபியக் கடலில் இருக்கும் ஹைட்டி என்ற நாட்டின் கதைக்குள் நுழைந்தேன்.

ஹைட்டி பற்றித் தமிழில் செய்திகள் வருகின்றன. நிலநடுக்கம், வறுமை, துப்பாக்கிக் குழுக்கள் என்று. அவை பொய்யில்லை. ஆனால் அந்த வாசல் வழியாக உள்ளே போனால் அந்த மக்கள் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும்தான் தெரிவார்கள். கலை வழியாகப் போனால் வேறு முகம் தெரியும். அதற்கு நான் போன பாதையை, தட்டுத் தடுமாறிய இடங்களைச் சரிசெய்து, வரிசையாகச் சொல்கிறேன். அவசரம் வேண்டாம். வாரத்துக்கு ஒரு படி போதும்.

முதல் படி: வரைபடமும் பெயரும்

கியூபாவுக்குக் கிழக்கே இஸ்பானியோலா என்ற தீவைப் பாருங்கள். அதன் மேற்கு மூன்றில் ஒரு பங்கு ஹைட்டி. மீதி டொமினிக்கன் குடியரசு. தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களின் மொழியில் 'ஆயிட்டி' என்றால் மலைகள் நிறைந்த நிலம். கொலம்பஸ் 1492 டிசம்பரில் வந்தார். அவருடைய சாந்தா மரியா கப்பல் கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தக் கரையில்தான் தரைதட்டியது. சில பத்தாண்டுகளுக்குள் ஸ்பானியர்களின் கொடுமையாலும் அவர்கள் கொண்டுவந்த நோய்களாலும் தைனோ மக்களில் பெரும்பாலோர் அழிந்தார்கள். ஆனால் அவர்கள் வைத்த பெயரைத்தான், முன்னூறு ஆண்டு கழித்து, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் தங்கள் புதிய நாட்டுக்குச் சூட்டினார்கள். தங்களுக்கு முன்பு அந்த மண்ணில் துன்பப்பட்டவர்களின் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் அந்தத் தேசத்தின் குணம் பாதி புரிந்துவிடும்.

இரண்டாவது படி: ஐந்து தேதிகள்

முழு வரலாற்றையும் ஒரே மூச்சில் படிக்கப் பார்க்காதீர்கள். நான் அப்படித் தொடங்கிப் பெயர்களின் கூட்டத்தில் தொலைந்துபோனேன். ஒரு தாளில் ஐந்து தேதிகளை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

1791 ஆகஸ்ட். அப்போது அந்த நிலம் சான்-தொமேங் என்ற பிரெஞ்சுக் காலனி. கரும்பும் காபியும் அவுரியும் விளைந்த, உலகிலேயே அதிக லாபம் தந்த காலனி அது. அங்கே சுமார் 5 லட்சம் பேர் அடிமைகளாக உழைத்தார்கள். கரும்பாலைகளில் மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் செத்தார்கள். அதனால் கப்பல் கப்பலாகப் புதியவர்களைக் கொண்டுவந்தபடி இருந்தார்கள். 1791-இல் அங்கிருந்த அடிமைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு, அது இனிப்பானதல்ல. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கப் பிரெஞ்சு வணிகர்கள் கொடுத்த சரக்குகளில் சோழமண்டலக் கரையின் துணிகளும் உண்டு. புதுச்சேரி வழியாகப் போன நீலத் துணிக்கு 'கினி' என்றே பெயர். கரீபியத் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டிய கட்டம்போட்ட துணியின் பெயர் இன்றும் 'மெட்ராஸ்'.

அந்த ஆகஸ்டில், புவா கைமான் என்ற காட்டில் இரவில் கூடி, புக்மான் என்பவரும் செசில் ஃபாத்திமான் என்ற பூசாரிப் பெண்ணும் முன்னின்று சடங்கு நடத்தி, விடுதலைக்குச் சத்தியம் செய்தார்கள் என்று மரபு சொல்கிறது. 22-ஆம் தேதி இரவு வடக்குச் சமவெளி பற்றி எரிந்தது.

1794 பிப்ரவரி 4. பாரிசில் பிரெஞ்சுக் குடியரசு அடிமைமுறையை ஒழிக்கிறது. கருணையால் அல்ல, அடிமைகளாக இருந்தவர்கள் ஏற்கெனவே அதை ஒழித்துவிட்டிருந்தார்கள், பாரிஸ் அதை ஏற்க வேண்டியதாயிற்று. இந்தக் கட்டத்தில்தான் துசான் லூவெர்த்யூர் என்ற பெயர் மேலே வருகிறது. அடிமையாகப் பிறந்து, குதிரைகளைப் பார்த்துக்கொண்டு, பிறகு தளபதியாகி, 1801-இல் காலனிக்குத் தனி அரசியல் சட்டமே எழுதவைத்தவர். நெப்போலியன் தன் மைத்துனர் லெக்லேர் தலைமையில் பெரும்படை அனுப்பினார். துசானைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துப் பிடித்து, பிரான்சின் ஜூரா மலையில் உள்ள ஜூ கோட்டையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரல் 7-இல் குளிரிலும் நோயிலும் அங்கேயே இறந்தார்.

1803 நவம்பர் 18. வெர்த்தியேர் போர். துசானின் தளபதியாக இருந்த தெசாலின் தலைமையில் இறுதி வெற்றி. அதே ஆண்டு மே மாதம் பிரெஞ்சு மூவர்ணக் கொடியிலிருந்து வெள்ளைப் பட்டையைக் கிழித்தெறிந்தார் தெசாலின் என்றும், மிஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் கத்தரீன் ஃப்ளோன் என்ற பெண் சேர்த்துத் தைத்தார் என்றும் ஒவ்வொரு ஹைட்டிக் குழந்தையும் பள்ளியில் படிக்கிறது. ஓவியங்களில் ஊசி நூலோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அவர்தான்.

1804 ஜனவரி 1. கொனாயீவ் நகரில் விடுதலைப் பிரகடனம். அடிமைகள் எழுந்து, வென்று, தங்களுக்கென்று ஒரு நாட்டையே நிறுவியது உலக வரலாற்றில் இங்கு மட்டும்தான். ஒரு சின்னத் திருத்தம்: 'முதல் கறுப்பினக் குடியரசு' என்று எல்லோரும் எழுதுவார்கள், தொடக்கத்தில் தெசாலின் பேரரசராகத்தான் முடிசூடினார். 1805-இல் அவர் தந்த அரசியல் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. தோல் நிறம் எதுவானாலும் ஹைட்டியர் அனைவரும் 'கறுப்பர்' என்றே அழைக்கப்படுவார்கள் என்றது அது. பிரெஞ்சுப் படையோடு வந்து அணி மாறிய போலந்துக்காரர்களும் இதில் அடக்கம்.

1825. இந்தத் தேதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பிரான்ஸ் அரசர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, 'இழந்த சொத்துக்கு' 15 கோடி பிராங்க் கொடுத்தால்தான் உங்கள் சுதந்திரத்தை அங்கீகரிப்போம் என்றார். இழந்த சொத்து என்பதில் நிலம் மட்டுமா? அந்த மனிதர்களே அடக்கம். தங்கள் உடலுக்குத் தாங்களே விலை கொடுக்கச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பாருங்கள்: 1803-இல் பிரான்ஸ் பிரம்மாண்டமான லூசியானா நிலப்பரப்பு முழுவதையும் அமெரிக்காவுக்கு 8 கோடி பிராங்குக்கு விற்றிருந்தது. 1838-இல் தொகை 9 கோடியாகக் குறைந்தது. அதைக் கட்ட வாங்கிய கடன்களும் வட்டியும் தீர 1947 ஆனது. ஹைட்டி ஏன் ஏழை நாடு என்று யாராவது கேட்டால் பதிலை இங்கிருந்து தொடங்குங்கள்.

மூன்றாவது படி: மலைமேல் உள்ள கோட்டையைப் பாருங்கள்

தெசாலின் 1806-இல் கொல்லப்பட்ட பின் நாடு இரண்டானது. வடக்கை ஆண்ட ஆன்ரி கிறிஸ்தோஃப் 1811-இல் அரசரானார். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தால் எதிர்த்து நிற்க, சுமார் 900 மீட்டர் உயர மலைமுகட்டில் சித்தாதெல் என்ற கோட்டையை எழுப்பினார். கட்ட ஆரம்பித்தது 1805-இல். சுமார் 15 ஆண்டு வேலை. அடிவாரத்து மிலோ ஊரில் சான்-சூசி அரண்மனை. 1842 நிலநடுக்கம் அரண்மனையை இடித்துவிட்டது. கோட்டை இன்னும் நிற்கிறது. 1982-இல் யுனெஸ்கோ இரண்டையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோட்டையின் மேல்விளிம்பில் வரிசையாகக் கிடக்கும் பீரங்கிகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். எவ்வளவு பேரைச் சுமக்க வைத்து அவை மேலே வந்திருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கட்டாய உழைப்பில் எழுந்த விடுதலைக் கோட்டை அது. ஹைட்டிக்காரர்களே இந்த முரணைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள்.

நான்காவது படி: வூடூவைச் சினிமாவிலிருந்து பிரித்தெடுங்கள்

வூடூ என்பது ஹைட்டி மக்களின் சமயம். இதுதான் கடினமான படி. இதைத் தாண்டாமல் ஹைட்டியின் ஓவியத்தையோ இரும்பையோ கொடியையோ படிக்க முடியாது. ஊசி குத்திய பொம்மை ஹைட்டியின் வழிபாட்டில் கிடையாது. பிணங்கள் எழுந்து மனிதரைத் தின்னும் கதைகள், 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்த நாட்டை ஆக்கிரமித்திருந்த காலத்தில் வெளிநாட்டவர் எழுதிப் பரப்பியவற்றிலிருந்து வளர்ந்தவை. ஹைட்டியின் 'சோம்பி' யாரையும் தின்னாது. செத்த பின்னும் ஓய்வில்லாமல் பிறருக்காக உழைக்க வைக்கப்படும் உடல் அது. அடிமையாக இருந்த மக்கள் எதைக் கண்டு மிக அஞ்சியிருப்பார்கள் என்று யோசித்தால் இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

அவர்கள் மொழியில் வூடூவின் பெயர் 'வோடூ'. மேற்கு, மத்திய ஆப்பிரிக்க வழிபாடுகளும் கத்தோலிக்கமும் கலந்த சமயம். எல்லாவற்றுக்கும் மேலே பொந்தியே என்ற ஒரே கடவுள். அவர் எட்டாத தொலைவில் இருப்பதால் மக்கள் பேசுவது 'லுவா' என்ற ஆவித் தெய்வங்களிடம். பூசாரி ஊங்கன், பூசாரிப் பெண் மான்போ. லுவா பக்தரின் மேல் இறங்கி வருவார். பேசுவார், ஆடுவார், அறிவுரை சொல்வார்.

இந்தச் சில லுவாக்களை மட்டும் அடையாளம் காணப் பழகுங்கள். படங்கள் திடீரென்று பேச ஆரம்பிக்கும்.

ஊன்றுகோலோடு ஒரு கிழவர், குறுக்குச் சாலை தெரிகிறதா? லெக்பா. வாசல் காப்பவர். எந்தச் சடங்கும் அவரிடம் வழி திறக்கக் கேட்டுத்தான் தொடங்கும்.

பாம்பும் வானவில்லும் என்றால் டன்பாலாவும் அவர் மனைவி ஆயிதா வேதோவும். பாம்புகளைக் காலடியில் கொண்ட கத்தோலிக்கப் புனிதர் பேட்ரிக் படத்தை டன்பாலாவாக வைத்துக் கும்பிடுவார்கள்.

வாள், நெருப்பு, சிவப்பு: ஓகூ. இரும்புக்கும் போருக்கும் உரியவர். கொல்லர்களின் தெய்வம் என்பதால் இரும்புச் சிற்பிகளின் ஊரில் அவருக்குத் தனி மரியாதை.

இதயம் வரைந்திருந்தால் எசிலி. இதில் இருவர் உண்டு. வாசனை திரவியமும் நகையும் விரும்பும் எசிலி ஃப்ரெதா ஒருவர். கன்னத்தில் தழும்போடு, பிள்ளையை அணைத்து, கத்தி ஏந்தி நிற்கும் கறுப்புத் தாய் எசிலி தான்தோர் இன்னொருவர். போலந்தின் செஸ்டகோவா கறுப்பு மாதா படம்தான் இவருக்கு வடிவம். அந்த மாதாவின் கன்னத்திலும் தழும்பு உண்டு. போலந்துச் சிப்பாய்களோடு படம் வந்தது என்கிறார்கள்.

கறுப்புத் தொப்பி, சிலுவை, ஊதா நிறம்: பாவோன் சம்தி, கல்லறையின் காவலர். நவம்பர் 1, 2 தேதிகளில் 'கேதே' என்ற, இறந்தோரின் ஆவிகளான அவருடைய குடும்பத்துக்குக் கல்லறைகளில் திருவிழா.

என் வீட்டுக் கடற்கன்னி லாசிரேன். கடலரசர் அக்வேயின் துணைவி. கண்ணாடி, சீப்பு, ஊதுகொம்பு ஆகியவை அவர் அடையாளங்கள். பெயர் தெரிந்த அன்று அந்த இரும்பை வேறு மாதிரி பார்த்தேன்.

ஒவ்வொரு லுவாவுக்கும் 'வேவே' என்ற கோட்டுருவம் இருக்கிறது. சடங்கு தொடங்கும்போது சோள மாவை விரலிடுக்கில் எடுத்துத் தரையில் கோலம் இழுப்பது போல இழுப்பார்கள். ஆடும் பாதங்களில் அது அழிந்துபோகும். இரும்பிலும் கொடியிலும் நீங்கள் பார்க்கப்போகும் வளைவுகளும் நட்சத்திரங்களும் இதிலிருந்து வந்தவை.

இந்தச் சமயத்தை ஒழிக்கப் பலமுறை முயன்றார்கள். 1941, 42-இல் தேவாலயமும் அரசும் சேர்ந்து கோயில்களைச் சூறையாடி, முரசுகளையும் சடங்குப் பொருள்களையும் குவித்து எரித்தன. 2003-இல்தான் அரசு இதை முறையான சமயமாக ஏற்றது. பழைய சடங்குப் பொருள்கள் ஏன் அரிது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாவது படி: மூன்று ஓவியர்களோடு தொடங்குங்கள்

1944-இல் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் சாந்த்ர் தார் என்ற கலை மையம் திறந்தது. ஆங்கிலம் கற்பிக்க வந்திருந்த டிவிட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நீர்வண்ண ஓவியரும் ஹைட்டிக் கலைஞர்கள், எழுத்தாளர்களும் சேர்ந்து நிறுவியது. 'ஹைட்டி ஓவியத்தை பீட்டர்ஸ் கண்டுபிடித்தார்' என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். கிறிஸ்தோஃப் காலத்திலேயே அங்கே ஓவியர்கள் இருந்தார்கள். மையம் செய்தது, நகரத்தின் மேல்தட்டு பார்க்க மறுத்தவர்களின் வேலையைச் சுவரில் மாட்டியது.

முதலில் எக்தோர் இப்போலித் (1894–1948). பரம்பரை ஊங்கன். மோன்ட்ருயி ஊரில் ஒரு மதுக்கடைக் கதவில் அவர் வரைந்த பூக்களையும் பறவைகளையும் பார்த்துத்தான் அவரைத் தேடிப் பிடித்தார்கள். கோழி இறகாலும் வரைவார். 1945-இல் வந்த பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் அவர் படங்களை வாங்கிப்போய் ஐரோப்பாவில் பேசவைத்தார். அடுத்த மூன்றாண்டுக்குள் இப்போலித் இறந்துவிட்டார். அவர் படத்தில் பெண்கள் மிதப்பார்கள், பூக்கள் முகத்தளவு இருக்கும். நான்காவது படியில் படித்த எசிலியை இங்கே தேடுங்கள்.

அடுத்து வடக்கில் கேப் ஹைட்டியன் நகரத்தின் ஃபிலோமே ஓபேன் (1892–1986). தெருக்கள் அளவுகோல் வைத்தது போல நேராக ஓடும். வீடுகளின் பால்கனிக் கம்பிகூட எண்ணலாம். அவர் புராட்டஸ்டண்ட், அவர் படங்களில் லுவாக்களைத் தேடாதீர்கள். அவர் வரைந்தது வரலாறு. அமெரிக்க ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய ஷார்லமான் பெரால்ட்டை 1919-இல் கொன்று, உடலைக் கதவில் கட்டிப் படமெடுத்து, மக்களை அச்சுறுத்த ஊரெங்கும் வினியோகித்தார்கள் அமெரிக்கச் சிப்பாய்கள். மக்கள் அந்தப் படத்தில் சிலுவையில் அறைந்த ஏசுவைக் கண்டார்கள். ஓபேன் அதை அப்படியே, துக்கத்தில் நிற்கும் தாயோடு சேர்த்து, ஓவியமாக்கினார். ஹைட்டிக் கலையில் ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

மூன்றாவது, ஜாக்மெல் பக்கத்திலிருந்து வந்த பிரேஃபேத் துஃபோ (1923–2012). மலைக்கு மேல் மலை, அதைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாலை, எறும்பு போல மனிதர்கள், கீழே கடல். 'தேயே மோன் கென் மோன்', மலைக்குப் பின்னால் மலைகள் என்பது ஹைட்டிப் பழமொழி. ஒரு சிக்கல் தீர்ந்தால் அடுத்தது காத்திருக்கும் என்று பொருள். துஃபோவைப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும்.

இவர்களை 'அப்பாவி ஓவியர்கள்', 'படிக்காத கலை' என்று வகைப்படுத்துவது வழக்கம். அந்தச் சொல்லை உபயோகிக்காதீர்கள். ஓபேனின் படத்தில் அப்பாவித்தனம் எங்கே இருக்கிறது? அதே மையத்தில் லூஸ் துர்னியே போன்ற, முறையாகப் பயின்ற நவீன ஓவியர்களும் வரைந்தார்கள். வெளிநாட்டுச் சந்தைக்கு அவர்கள் 'போதுமான அளவு ஹைட்டியாக' தெரியவில்லை என்பதால் வெளியில் அதிகம் பேசப்படவில்லை. அவர்களையும் தேடிப் பாருங்கள்.

1950, 51-இல் இந்த ஓவியர்கள் தலைநகரின் தூய திரித்துவப் பேராலயச் சுவர்களில் விவிலியக் காட்சிகளை வரைந்தார்கள். கானா ஊர்க் கல்யாணமும் இறுதி விருந்தும் ஹைட்டி முகங்களோடு, ஹைட்டி வெயிலில். 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் பேராலயம் இடிந்தது. 14 சுவரோவியங்களில் 3 மட்டும் மிஞ்சின. அவற்றைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பாதுகாத்தார்கள். சாந்த்ர் தார் கட்டடமும் விழுந்தது. இடிபாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான படைப்புகளைக் கையால் பொறுக்கி எடுத்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் தெருவில் படுத்திருந்த நாட்களில் இதையும் செய்தார்கள்.

ஆறாவது படி: பீப்பாய் எப்படிச் சிற்பமாகிறது

தலைநகருக்கு வெளியே குவாதே பூக்கே என்ற ஊர். அங்கே ஜோர்ஜ் லியோத்தோ (1899–1991) என்ற கொல்லர் கருவிகளைப் பழுதுபார்ப்பார், மாடுகளுக்குக் குறிபோடும் இரும்பு செய்வார். கல்லறைகளுக்கு அவர் அடித்த இரும்புச் சிலுவைகள் 1950-களின் தொடக்கத்தில் சாந்த்ர் தார் ஆட்களின் கண்ணில் பட்டன. மூட்டுக்கு மூட்டு வேவே வளைவுகள். சிற்பம் செய்யச் சொன்னார்கள். அவரிடமும் அவரைப் பார்த்தும் கற்றவர்கள் பெருகி, நொவாய் என்ற பகுதியே சுத்தியல் சத்தத்தில் விழிக்கும் இடமானது.

வேலை இப்படி நடக்கும். துறைமுகத்தில் சரக்கு இறக்கிய 200 லிட்டர் பீப்பாயை வாங்குவார்கள். மேல்மூடி, அடிமூடி இரண்டையும் உளியால் வெட்டி எடுப்பார்கள். உள்ளே வைக்கோலும் வாழைச் சருகும் திணித்துத் தீ வைப்பார்கள். ஒட்டியிருக்கும் எண்ணெயும் பெயிண்டும் எரிந்துபோகும். ஆறியதும் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகப் பிளந்து, ஏறி மிதித்து, சுத்தியலால் அடித்து, ஏறத்தாழ 3 அடிக்கு 6 அடித் தகடாக விரிப்பார்கள். சுண்ணாம்புக் கட்டியால் உருவம் வரைந்து, உளியும் சம்மட்டியும் கொண்டு வெட்டுவார்கள். மின்கருவி எதுவும் இல்லை. பிறகு புடைப்புகள், செதில்கள், விளிம்பு மழுக்கல். கடைசியில் மூலையில் உளியாலேயே கையெழுத்து.

ஒரு துண்டு கையில் கிடைத்தால் அந்த மூலையை முதலில் பாருங்கள். பின்பக்கம் பீப்பாய் வளையத் தடம் இருக்கிறதா பாருங்கள். ஓரத்தை விரலால் வருடுங்கள். கையால் வெட்டிய விளிம்பு சீராக இருக்காது. இயந்திரத்தில் வெட்டிய போலிகள் உலகச் சந்தையில் நிறைய வருகின்றன, அவற்றின் விளிம்பு கத்தி போல ஒரே சீராக இருக்கும். ஈரமான சுவரில் மாட்ட வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை துளி எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் துரு ஏறாது.

ஏழாவது படி: மணிகள் பதித்த கொடிகள்

'திராப்போ' என்பவை வோடூ கோயில்களில் லுவாக்களை வரவேற்கப் பிடிக்கும் கொடிகள். சாட்டின் துணி முழுக்கச் சமிக்கி, மணி. இதைப் பெரிய கலையாக்கியவர்களில் மிர்லாந்த் கான்ஸ்தான் முக்கியமானவர். கல்யாண உடைத் தொழிற்சாலை ஒன்றில் தாயோடு மணிவேலை பார்த்தவர் அவர். ஆண்கள் செய்துவந்த கொடிக் கலைக்குள் அந்தத் தொழிற்சாலைத் திறமையோடு நுழைந்தார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் மணி கோக்கும் முறை அது. ஆரி வேலை தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். சுவரளவு பெரிய அவருடைய கொடிகள் 2022 வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் இருந்தன. இவற்றைத் திரையில் பார்க்கும்போது பெரிதாக்கிப் பாருங்கள். முழுப் படம் ஒரு கூட்டம், அருகில் போனால் ஒவ்வொரு முகமும் வேறு.

எட்டாவது படி: காதுக்கும் வாய்க்கும் கொஞ்சம்

நாட்டில் எல்லோரும் பேசுவது கிரேயோல். பிரெஞ்சுச் சொற்கள் நிறைய இருந்தாலும் இலக்கணம் வேறு, தனி மொழி. 1987 அரசியல் சட்டம்தான் அதைப் பிரெஞ்சுக்கு நிகரான ஆட்சிமொழியாக்கியது. 'உடைந்த பிரெஞ்சு' என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். காலையில் 'பொன்ழூ', மதியத்துக்குப் பின் 'பொன்ஸ்வா', நன்றிக்கு 'மேசி'. கிராமத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று 'ஒனே' என்று குரல் கொடுப்பார்கள். உள்ளிருந்து 'ரெஸ்பே' என்று பதில் வரும். கௌரவம், மரியாதை. கதை சொல்பவர் 'கிரிக்?' என்பார், கேட்பவர்கள் 'கிராக்!' என்றால்தான் கதை தொடங்கும்.

இசையில் இரண்டை முதலில் கேளுங்கள். ஒன்று கொம்பா, 1950-களின் மத்தியில் நெமூர் ஜான்-பப்திஸ்த் உருவாக்கிய நடன இசை. இன்னொன்று ராரா. தவக்காலத்தில் மூங்கில் குழல்களை ஊதியபடி தெருவில் போகும் ஊர்வலம். ஒரு குழல் ஒரு சுரம்தான் தரும். ஆளுக்கொரு குழல் ஊதிப் பாட்டாக்குவார்கள். பிப்ரவரி வாக்கில் ஜாக்மெல் ஊரில் நடக்கும் கார்னிவல் திருவிழாவின் காகிதக்கூழ் முகமூடிகளின் படங்களையும் தேடுங்கள்.

எங்கே பார்ப்பது, எப்படி வாங்குவது

இப்போது ஹைட்டிக்குப் பயணம் திட்டமிடாதீர்கள். தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் குழுக்களின் பிடியில் இருக்கிறது. நொவாய் இரும்புச் சிற்பிகளும் தாக்கப்பட்டு, பலர் பட்டறையை விட்டு ஓடினார்கள். அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் கொடுத்துவைத்தவர்கள்: அயோவாவின் வாட்டர்லூ கலை மையத்திலும் மில்வாக்கி கலை அருங்காட்சியகத்திலும் நல்ல தொகுப்புகள் உண்டு, மயாமியில் லிட்டில் ஹைட்டி என்ற பகுதியே இருக்கிறது. மற்றவர்களுக்கு இணையம். கரீபிய மின்நூலகத்தில் பழைய நாளிதழ்களும் வரைபடங்களும் இலவசம்.

வாங்குவதானால் செய்தவரின் பெயரைச் சொல்லும் கடையில் வாங்குங்கள். பெயர் கேட்டால் 'ஹைட்டி கைவினை' என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். பழைய தைனோ கற்சிற்பம், கோயிலில் இருந்த கொடி, முரசு என்று விற்றால் தொடவே வேண்டாம். கடத்தப்படும் ஆபத்துள்ள ஹைட்டிப் பண்பாட்டுப் பொருள்களின் அவசரப் பட்டியலை உலக அருங்காட்சியகப் பேரவை 2010-இல் வெளியிட்டிருக்கிறது. ஒரு முறை பார்த்துவையுங்கள்.

கடைசிப் படி: ஜனவரி 1 சூப்

காலனிக் காலத்தில் பரங்கிக்காய் சூப் எசமானர்களுக்கு மட்டும். சமைத்த அடிமைகளுக்கு ஒரு வாய் கிடையாது. அதனால் 1804 ஜனவரி 1-இலிருந்து ஒவ்வொரு புத்தாண்டிலும் ஹைட்டியர்கள் எங்கிருந்தாலும் 'சூப் ஜூமூ' குடிக்கிறார்கள். 2021 டிசம்பரில், யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய ஹைட்டியின் முதல் மரபு இதுதான். நமக்கு எல்லாப் பொருளும் சந்தையிலேயே கிடைக்கும்.

முந்தின இரவு அரைக் கிலோ மாட்டிறைச்சியை எலுமிச்சைச் சாற்றில் அலசி, பூண்டு, வெங்காயத்தாள், பார்ஸ்லி, தைம், மிளகு அரைத்த விழுதில் ஊறவையுங்கள். இந்த விழுதுக்கு 'எப்பிஸ்' என்று பெயர். காலையில் இறைச்சியை மெத்தென்று வேகவையுங்கள். ஒரு கிலோ மஞ்சள் பரங்கியைத் தனியே வேகவைத்து மசித்து அதில் கலக்குங்கள். கேரட், உருளை, டர்னிப், முட்டைக்கோஸ், செலரி போட்டு, இரண்டு கிராம்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். காய்கள் முக்கால் வெந்ததும் ஒரு கைப்பிடி பாஸ்தா. இறக்கும்போது சிறிது வெண்ணெய், எலுமிச்சைச் சாறு. இறைச்சி சாப்பிடாதவர்கள் அதை விட்டுவிட்டு எப்பிஸை மட்டும் எண்ணெயில் வதக்கித் தொடங்கலாம்; ருசி குறையாது.

நல்ல காரமான மிளகாய் ஒன்றைக் காம்போடு முழுதாக மேலே மிதக்கவிடுங்கள். மணம்தான் இறங்க வேண்டும், காரம் அல்ல. அதனால் வெடிப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். அன்று காலை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவது அவர்கள் வழக்கம்.